பொற்காசும் செப்புக்காசும்: இஸ்லாமிய நாணயங்களின் இருவகைச் சாட்சியம்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலண்டன் மாநகரில் ஒரு பொற்காசு ஏலம் விடப்பட்டது. உமையா ஆட்சிக் காலத்தில் ஹிஜ்ரி 105இல் (கி.பி. 723) அச்சிடப்பட்ட தீனார் அது. 37 இலட்சத்து 20 ஆயிரம் பவுனுக்கு அது விலைபோனது. அக்காசிலுள்ள பொன்னின் எடையோ நாலேகால் கிராம் அளவே. அதே எடையும் அதே மாற்றும் கொண்ட உமையாத் தீனார்கள் வேறு பலவும் உள. அவற்றை இவ்விலையில் ஒரு சிறு கூறுக்கே வாங்கிவிடலாம். அப்படியிருக்க இந்த ஒன்றுக்கு மட்டும் இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? ஹிஜாஸ் பகுதியில் அமீருல் முஃமினீனுக்கு உரிய சுரங்கத்துப் பொன் இது என்று குறிக்கும் சில அரபுச் சொற்கள் அதன் மீது பொறிக்கப்பட்டுள்ளமையே காரணம். பணம் கொடுத்தவர் பொன்னுக்குக் கொடுக்கவில்லை, எழுத்துக்கே கொடுத்தார்.

நாணயம் சேர்ப்போர் அனைவரும் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது. பொன்னையும் வெள்ளியையும் தேடிப் பேணுவதும், செம்பையும் பித்தளையையும் ஈயத்தையும் ஒதுக்கித் தள்ளுவதும் நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பாட்டனார் பெட்டியிலிருந்து ஒரு பொற்காசு கிடைத்தால் அதைத் தட்டானிடம் காட்டி மாற்றுப் பார்க்கிறோம். செப்புக்காசுகள் கிடைத்தால் பழைய பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆயின் வரலாற்றின் தராசு உலோகத்தை நிறுப்பதில்லை. பொற்காசு அறியாத பல உண்மைகளுக்குச் செப்புக்காசே தனிச்சாட்சியாக நிற்கும் இடங்கள் இஸ்லாமிய வரலாற்றில் பலவுண்டு. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பெயர்கள்

தீனார், திர்ஹம், ஃபல்ஸ் என்னும் மூன்று பெயர்களும் அரபு மண்ணில் பிறந்தவை அல்ல. தீனார் உரோமரின் தினாரியஸ் என்பதிலிருந்தும், திர்ஹம் கிரேக்கரின் திராக்மா என்பதிலிருந்தும், ஃபல்ஸ் பைசாந்தியரின் செப்புக்காசான ஃபோலிஸ் என்பதிலிருந்தும் வந்தவை. மக்கத்து வணிகர்கள் சிரியாவிலிருந்து பைசாந்தியப் பொன்னையும் ஈராக்கிலிருந்து பாரசீக வெள்ளியையும் கொண்டுவந்து புழங்கினர். திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயம் (3:75) தீனாரைக் குறிப்பிடுகிறது. யூசுஃப் அத்தியாயம் (12:20) திர்ஹங்களைக் குறிப்பிடுகிறது. கஹ்ஃப் அத்தியாயத்தில் (18:19) குகைத் தோழர்கள் உணவு வாங்கி வர வெள்ளிக்காசு கொடுத்தனுப்பிய செய்தி வருகிறது. செப்புக்காசின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

ஆயினும் செப்புக்காசு அரபு மொழிக்குள் வேறொரு வழியாகப் புகுந்து ஆழ வேரூன்றியது. 'முஃப்லிஸ்' என்னும் சொல் நொடித்துப்போனவனைக் குறிக்கும். திர்ஹம்கள் எல்லாம் போய் வெறும் ஃபுலூஸ் மட்டும் மிஞ்சிய நிலைக்கு வந்தவன் என்பது அதன் வேர்ப்பொருள் என்பர் அகராதியாளர். மறுமையில் உண்மையான முஃப்லிஸ் யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கிய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நம்மில் பலரும் அறிவோம். இன்று அரபு நாடுகள் பலவற்றில் 'ஃபுலூஸ்' என்றாலே பணம் என்று பொருள். ஏழையின் காசாக இருந்த ஒன்று பணம் அனைத்திற்கும் பெயராகிவிட்டது. தமிழிலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. டச்சுக்காரர் புழக்கத்தில் விட்ட 'டொய்ட்' என்னும் சிறு செப்புக்காசே 'துட்டு' ஆகி, நாளடைவில் பணம் முழுவதற்கும் பெயராயிற்று.

பெயர் சொல்லாத பொன்னும் ஊர் சொல்லும் செம்பும்

இஸ்லாமிய நாணயத்தின் தனித்த வடிவத்தை நிலைநாட்டியவர் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஆவார். ஹிஜ்ரி 74 முதல் 77 வரை வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் பொறித்த தீனார்கள் வெளிவந்தன. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்கள் நீக்கப்பட்டு, திருக்கலிமாவும் திருவசனங்களும் மட்டும் பொறித்த தீனார் வந்தது. எடை 4.25 கிராம். ஹிஜ்ரி 79இல் திர்ஹமும் அவ்வாறே சீர்செய்யப்பட்டது. 10 திர்ஹத்தின் எடை 7 தீனாரின் எடைக்கு ஈடு என்னும் விகிதம் நிலைபெற்றது. ஸகாத்தின் நிஸாபாக இன்றும் நாம் கணக்கிடும் 20 தீனார் (85 கிராம் பொன்), 200 திர்ஹம் (595 கிராம் வெள்ளி) ஆகிய அளவுகள் இவ்வெடைகளையே அடிப்படையாகக் கொண்டவை.

அழகிலும் நேர்த்தியிலும் இத்தீனாருக்கு நிகரில்லை. எனினும் வரலாற்று மாணவன் அதனிடம் கேட்கும் கேள்விகள் சிலவற்றிற்கு அது விடை தருவதில்லை. அச்சிட்ட கலீஃபாவின் பெயர் அதில் இல்லை. ஆண்டு உண்டு, ஆனால் ஊர் இல்லை. பேரரசு முழுவதும் ஒரே எடையில், ஒரே மாற்றில், ஒரே முகத்தோடு செல்ல வேண்டிய காசு அது. ஆகவே ஊரடையாளம் அதற்குத் தேவைப்படவில்லை.

செப்புக்காசின் நிலை வேறு. அது ஓர் ஊரின் கடைத்தெருவுக்காக, அவ்வூர் அதிகாரிகளின் பொறுப்பில் அச்சிடப்பட்டது. திமிஷ்க், ஹிம்ஸ், ஹலப், கின்னஸ்ரீன், பஅலபக், தபரிய்யா, அம்மான் எனச் சிரிய நாட்டின் ஊர்ப்பெயர்கள் செம்பிலே வரிசையாகக் காணப்படுகின்றன. 'ஈலியா ஃபிலஸ்தீன்' என்று பைத்துல் முகத்தஸ் நகரின் அக்காலப் பெயரைத் தாங்கிய செப்புக்காசும் உண்டு. ஆளுநர்கள் சிலரின் பெயர்களும் ஃபுலூஸில் இடம்பெற்றன. உமையா ஆட்சியில் எந்தெந்த ஊர்களில் அக்கசாலை இயங்கியது, எந்த ஊர் எந்த நிர்வாகப் பிரிவில் அடங்கியது என்பனவற்றை வரையறுக்கச் செப்புக்காசுகள் பெருந்துணை புரிகின்றன.

உருவங்கள் பற்றியும் ஒரு சொல். பொன்னிலும் வெள்ளியிலும் எழுத்து மட்டுமே நிலைத்த பின்னரும் செம்பில் யானை, மீன், பேரீச்ச மரம் முதலியன தொடர்ந்து பொறிக்கப்பட்டன. ஒருபுறம் ஐந்து கிளை விளக்கும் மறுபுறம் கலிமாவும் கொண்ட ஃபுலூஸ் கிடைத்துள்ளன. அவை பைத்துல் முகத்தஸில் அச்சிடப்பட்டவை எனக் கருதும் அறிஞர் உளர். யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கிய நாளின் நிழல் அச்சிறு காசில் விழுந்திருக்கிறது. பின்னர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மார்தீனை ஆண்ட அர்துக்கிய மன்னர்களும் மவ்ஸிலை ஆண்ட ஸெங்கிய மன்னர்களும் கிரேக்க, பைசாந்திய நாணய உருவங்களைப் பின்பற்றிப் பெரிய செப்புக்காசுகளை வெளியிட்டனர். இஸ்லாமிய நாணயங்களில் உருவமே இல்லை என்று எண்ணியிருப்போரை இவை வியக்க வைக்கும். பொன்னை மட்டும் சேர்த்தவன் இவற்றைக் கண்டிருக்க மாட்டான்.

பயணம் செய்த வெள்ளி, வீட்டிலிருந்த செம்பு

இவ்வாறு கூறுவதால் பொன்னும் வெள்ளியும் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவை என்று கொள்ளலாகாது. அவற்றின் சாட்சியம் வேறு வகையானது. அவை தொலைதூரப் பயணிகள். 1999ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் கோட்லாந்துத் தீவில் ஒரு வயலிலிருந்து 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளின் திர்ஹங்கள். பக்தாதையும் மத்திய ஆசியாவையும் வட ஐரோப்பாவோடு இணைத்த வணிகத்தின் அளவை இத்தகைய வெள்ளிப் புதையல்களே நமக்கு உணர்த்துகின்றன. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஆஃபா என்னும் மன்னன், அப்பாஸியக் கலீஃபா அல்-மன்ஸூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து, அரபு எழுத்துகளோடு தன் பெயரையும் சேர்த்துப் பொற்காசு அச்சிட்டான். அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

செம்பு இவ்வாறு அலைவதில்லை. தன் ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. எனவே ஒரு செப்புக்காசு எங்கே கிடைக்கிறதோ, பெரும்பாலும் அதன் அருகிலேயே அது புழங்கியது எனக் கொள்ளலாம். அகழாய்வாளர் செப்புக்காசைப் போற்றுவது இதனாலேயே. வெள்ளி தூரத்தைச் சொல்லும். செம்பு இடத்தைச் சொல்லும்.

இதற்கு விலக்கும் உண்டு, அவ்விலக்கும் சுவையானது. கிழக்காப்பிரிக்கக் கரையிலுள்ள கில்வா, ஸுஃபாலாவின் பொன்னைக் கடல் வணிகத்தில் விற்றுச் செழித்த நகரம். 1331இல் இப்னு பத்தூத்தா அங்கே சென்று அதன் சுல்தான் அல்-ஹஸன் இப்னு சுலைமானின் கொடைத்திறத்தைப் பாராட்டினார். உலகுக்குப் பொன் வழங்கிய அந்நகரத்தின் சொந்தக் காசுகளோ ஏறத்தாழ முழுவதும் செம்பே. பொற்காசுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முன்புறத்துச் சொற்களும் பின்புறத்துச் சொற்களும் இயைபு பெற்று முடியுமாறு அக்காசுகளில் அரபு வாசகங்கள் அமைந்தன. கில்வாவின் செப்புக்காசுகள் ஐந்து 1944இல் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள வெஸல் தீவுகளில் ஒரு படைவீரரால் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுடன் இருந்தவை நான்கு டச்சுத் துட்டுகள். அவை அங்கு எவ்வாறு சேர்ந்தன என்பது இன்றளவும் ஆய்வுக்குரிய புதிராகவே இருக்கிறது. இப்புதிரை எழுப்பியவை எடைக்குப் போட்டால் சில்லறையும் தேறாத காசுகள்.

செம்பு பொன்னாக நடித்தபோது

செம்பின் வரலாற்றில் துயரப் பக்கங்களும் உண்டு. தில்லி சுல்தான் முஹம்மது இப்னு துக்ளக் 1330 முதல் 1332 வரை செம்பாலும் பித்தளையாலும் ஆன காசுகளை வெளியிட்டு, அவற்றை வெள்ளித் தங்காவின் மதிப்புக்கே ஏற்க வேண்டும் என ஆணையிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிவது இறைவனுக்குக் கீழ்ப்படிவதாகும் என்னும் கருத்துப்பட அவற்றில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அறிவுரை அச்சில் ஏறியது. நம்பிக்கை மக்கள் மனத்தில் ஏறவில்லை. கள்ளக்காசுகள் பெருகின. இறுதியில் சுல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டு, செப்புக்காசு கொண்டுவந்தவர்க்குக் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். அன்று அவமதிக்கப்பட்ட அக்காசுகளையே இன்று நாணய ஆர்வலர் விரும்பித் தேடுகின்றனர்.

எகிப்தில் நேர்ந்தது இதனினும் நீண்ட துயரம். கெய்ரோவின் முஹ்தஸிபாக, அதாவது சந்தைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி (1364 – 1442), 1400களின் தொடக்கத்தில் அந்நாட்டைப் பீடித்த பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். பதவிகள் கையூட்டுக்கு விற்கப்பட்டமை, நிலக்குத்தகை உயர்ந்தமை, ஃபுலூஸ் அளவின்றிப் பெருகியமை ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். வெள்ளித் திர்ஹம் சந்தையிலிருந்து மறைந்தது. செப்புக்காசுகள் எண்ணப்படாமல் எடைபோட்டு வாங்கப்பட்டன. பொன்னும் வெள்ளியுமே உண்மையான நாணயம் என்பது அவர் கொள்கை. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வெள்ளித் தட்டுப்பாடு நிலவியதைப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டி, குற்றம் முழுவதையும் அதிகாரிகள் மேல் சுமத்த இயலாது என்பர். எவ்வாறாயினும், அந்நாளில் கூலிக்காரனின் கையில் இருந்தது தீனார் அன்று, ஃபல்ஸே. அவன் பட்ட பாட்டை அறிய விரும்புவோர் தேய்ந்து உருக்குலைந்த மம்லூக் செப்புக்காசுகளையே கையில் எடுக்க வேண்டும்.

ஃபுகஹாக்களும் இக்காசைப் புறக்கணிக்கவில்லை. ஒரு ஃபல்ஸுக்கு இரண்டு ஃபல்ஸ் வாங்கலாமா என்னும் வினா ஹனஃபி நூல்களில் விரிவாக ஆராயப்படுகிறது. குறிப்பிட்டுக் காட்டப்பட்ட காசுகளாயின் கூடும் என்பது இமாம் அபூ ஹனீஃபா, இமாம் அபூ யூஸுஃப் ஆகியோரின் கருத்து. மக்கள் அதனைப் பணமாக ஏற்றுப் புழங்கும் வரை கூடாது என்பது இமாம் முஹம்மது அவர்களின் கருத்து. ஷாஃபி மத்ஹபில் பொன், வெள்ளிக்குரிய ரிபா விதி ஃபுலூஸுக்கு நீளாது என்பது முதன்மைக் கருத்து. பணத்தின் மதிப்பு பொருளில் இருக்கிறதா, மக்களின் ஏற்பில் இருக்கிறதா என்னும் பெரும் கேள்வியைக் காகிதப் பணத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுப்பியது இச்சிறு செப்புக்காசு.

மதுரை சுல்தான்களின் காசுகள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மஅபர் என்று அரபியர் அழைத்த இந்நாட்டில், துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா ஏறத்தாழ 1333-34இல் தனியரசை நிறுவினார். தம் காசொன்றில் தம்மை ஏழை எளியோரின் தந்தை என்று அவர் குறித்துக்கொண்டார். அவருடைய மகளரில் ஒருவரை மணந்தவர் இப்னு பத்தூத்தா. கியாஸுத்தீன் தாமகானியின் ஆட்சியில் மதுரைப் பகுதிக்கு வந்த அவர், அச்சுல்தானின் கொடுமைகளையும் நகரில் பரவிய கொள்ளைநோயையும் மறைக்காமல் எழுதியுள்ளார். அவர் புறப்பட்டுச் சென்றபின் மதுரை சுல்தானகத்தைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதுவாரில்லை.

அதன்பின் நமக்குக் கைகொடுப்பவை காசுகள். மதுரை சுல்தான்களின் காசுகளில் பெரும்பாலானவை செம்பாலும் செம்பு மிகுந்த கலப்பு வெள்ளியாலும் ஆனவை. பொன் மிக அரிது. ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் ஸிக்கந்தர் ஷா ஆகிய பிற்காலச் சுல்தான்களின் பெயர்களையும் வரிசையையும் முதன்மையாக இக்காசுகளைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் அமைத்தனர். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1909இல் இக்காசுகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஹிஜ்ரி 745க்கும் 757க்கும் இடையே காசுகள் காணப்படாத ஓர் இடைவெளி இருப்பதும், ஸிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377-78) வரை தொடர்வதும் அறியப்பட்டன.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணரின் மதுரை வெற்றியை 1371 வாக்கில் நிகழ்ந்ததாகக் கூறுவது பெருவழக்கு. அவ்வாண்டோடு சுல்தானகம் அடியோடு மறைந்தது என்றே படித்திருக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு சிறு எல்லைக்குள், ஸிக்கந்தர் ஷாவின் பெயரால் காசு அச்சிடப்பட்டிருக்கிறது. ஓர் அரசு ஒரே நாளில் வீழ்வதில்லை என்பதை உணர்த்தும் இச்சாட்சியம் செம்பில் இருக்கிறது. எவரேனும் அக்காசுகளைப் பாத்திரக் கடையில் போட்டிருந்தால், அந்த ஆண்டுகள் வரலாற்றிலிருந்தே உருகிப் போயிருக்கும்.

திப்பு சுல்தானின் காசுகளும் இங்கு நினைக்கத்தக்கவை. அவர் தம் பொற்காசுகளுக்கு அஹ்மதி, ஸித்தீக்கி, ஃபாரூக்கி என்றும், வெள்ளிக் காசுகளுக்கு ஹைதரி, இமாமி, ஆபிதி, பாக்கிரி, ஜாஃபரி, காளிமி என்றும் பெயரிட்டார். செப்புக்காசுகளுக்கோ ஸுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்பு என வான்மீன்களின் பெயர்களைச் சூட்டினார். ஸுஹ்ரா வெள்ளிக் கோள், பஹ்ராம் செவ்வாய், குத்பு துருவ மீன். அச்செப்புக்காசுகளில் யானை நடைபோடுகிறது. குடியானவன் இடுப்பில் முடிந்து வைத்த காசுக்கு விண்மீனின் பெயர் கொடுத்த அரசர் அவர்.

சேர்ப்போர் செய்யத்தக்கன

பொற்காசு சேர்ப்பதில் தவறில்லை, வசதியுள்ளவர் சேர்க்கலாம். ஆயின் சில கடமைகளும் அதனோடு வரும். நிஸாபை எட்டி ஓராண்டு கையிருப்பில் இருக்கும் பொன், வெள்ளிக் காசுகளுக்கு அவை அரும்பொருளாகப் பேணப்படினும் ஸகாத் உண்டு. புழக்கமற்றுப்போன செப்புக்காசை ஆர்வத்திற்காக வைத்திருப்பவர்க்கு, அது வணிகச் சரக்காக இல்லாதவரை, அக்கடமை இல்லை. இருப்புக்கேற்பத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் விளக்கம் பெறுதல் நன்று. மேலும், பொற்காசில் போலிகள் மிகுதி; இலாபம் மிகுந்த இடத்தில் ஏமாற்றும் மிகும். நகையில் கோத்ததற்கான துளையோ வளையம் பற்றவைத்த தழும்போ இருந்தால் விலை குறையும். ஆனால் ஒரு பெண்ணின் கழுத்தில் அது கிடந்த வரலாறு அத்தழும்பில்தான் இருக்கிறது.

செப்புக்காசுக்கு வேறு பகைவர் உளர். பச்சைக் களிம்பைப் போக்கப் புளியிட்டுத் துலக்குவதும் அமிலத்தில் ஊறவைப்பதும் எழுத்தையே அழித்துவிடும்; களிம்புக்குள் காக்கப்பட்ட ஆண்டெண் பளபளப்போடு போய்விடும். காசு எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்பதைக் குறித்து வைப்பது இன்றியமையாதது. இடம் தெரியாத செப்புக்காசு தன் சாட்சியத்தில் பாதியை இழந்துவிடுகிறது. மண்ணில் புதையல் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை, அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சங்ககாலப் பாண்டியனின் பெருவழுதிக் காசை இனங்கண்டு வெளிப்படுத்தியவர் இதழாசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அக்காசும் செம்பே. பழந்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் அது சேர்ந்தமையால் தமிழர் வரலாறு ஓரடி முன்னேறியது. அரபு எழுத்துடைய செப்புக்காசுகளுக்கு அத்தகைய பேறு இன்னும் போதிய அளவு வாய்க்கவில்லை. காசு வைத்திருப்பவர்க்கு அரபு தெரிவதில்லை. அரபு தெரிந்த மதரஸா மாணவர்க்குக் காசு காணக் கிடைப்பதில்லை. வைகைக் கரையில் ஒருவர் அள்ளிய மணலில் கிடைத்த காசை அருகிலுள்ள அரபிக் கல்லூரி மாணவர் ஒருவர் படித்துச் சொல்வாராயின், ஹிஜ்ரி 745க்கும் 757க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் ஒரு பெயர் எழுதப்படலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. எடைக்குப் போடுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பொறுமையும், பார்த்ததைப் படிக்க வல்லார் ஒருவரின் நட்பும் போதும்.